சாரதிகள் பார்ப்பது விளக்கையா, பொலிஸாரையா?

கொழும்பின் பெரிய சந்திகள் எதிலாவது, பொரளையோ மருதானையோ பம்பலப்பிட்டியோ, மாலை ஆறு மணியளவில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் விநாடிகளை எண்ணிக் காட்டும் பலகை உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து, நான்கு, மூன்று. மூன்றிலேயே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். இரண்டில் முச்சக்கர வண்டிகள். அதே நேரம் குறுக்கு வீதியில் மஞ்சள் முடிந்து சிவப்பும் வந்த பிறகு ஒரு பஸ் நுழைகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வான். 'அவன் போனால் நானும் போகலாம்' என்ற கணக்கில் பின்னால் ஒரு கார். இரண்டு தரப்பும் நடுச்சந்தியில் முகத்துக்கு முகம் பார்க்கின்றன. பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஹோர்ன் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அடுத்த தடவைக்கான துணிவைக் கொடுக்கிறது.

சிவப்பு என்றால் நில் என்று தெரியாத சாரதி இந்த நாட்டில் இல்லை. முன்பள்ளிப் பிள்ளைக்கே பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறோம். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க எழுத்துப் பரீட்சை எழுதியவர்கள்தான் வீதியில் வாகனம் ஓட்டுகிறார்கள். ஆனாலும் விபத்துகள் கூடும்போதெல்லாம் அதிகாரிகள் கையில் எடுப்பது விழிப்புணர்வு வாரத்தைத்தான். துண்டுப்பிரசுரம் அடிக்கப்படும்; பாடசாலை மாணவர்கள் பதாகையுடன் வெயிலில் நிறுத்தப்படுவார்கள்; பத்திரிகைக்குப் படம் கிடைக்கும். தெரியாதவருக்குத்தான் விழிப்புணர்வு தேவை. இங்கே விடை தேட வேண்டிய கேள்வி வேறு: தெரிந்தும் ஏன் நிற்பதில்லை?

முதலில் இழப்பின் அளவைப் பார்ப்போம். இலங்கையின் வீதிப் பாதுகாப்புப் பற்றி உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டொன்றுக்குச் சராசரியாக 38,000 விபத்துகள், சுமார் 3,000 மரணங்கள், 8,000 பாரதூரமான காயங்கள் எனக் கணக்கிட்டது. சனத்தொகையுடன் ஒப்பிடும்போது தெற்காசியாவிலேயே வீதி விபத்து மரண வீதம் கூடிய நாடு இலங்கை என்றும் அது சொன்னது. கொவிட் காலத்தில் எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் அதற்குப் பின்னரும் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் சென்றோரும். இரும்புக் கூட்டுக்குள் இருப்பவரைவிட வெளியே இருப்பவர்தான் அதிகம் சாகிறார்.

இந்த மரணங்களில் எத்தனை சிவப்பு விளக்கை மீறியதால் நிகழ்ந்தவை? நாம் அன்றாடம் வாசிக்கும் விபத்துச் செய்திகளைத் தொகுத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. ஊடகத்துறையில் இருப்பவர் என்ற வகையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த பஸ் மோதி முதியவர் பலி' என்று எழுதுகிறோம். பஸ் தானாகவே ஓடி, தானாகவே கட்டுப்பாட்டை இழந்தது போல. அல்லது 'சாரதியின் கவனயீனமே காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர்' என்று முடிக்கிறோம். சமிக்ஞை விளக்கு உள்ள சந்தியில் விபத்து நடந்தால் அந்த நேரத்தில் எரிந்த நிறம் என்ன என்று கேட்கும் வழக்கம் நமது செய்தியறைகளில் இல்லை. கவனயீனம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் தூக்கக் கலக்கமும் அடங்கும், தொலைபேசியும் அடங்கும், தெரிந்தே எடுத்த தீர்மானமும் அடங்கும். சிவப்பில் போவது பெரும்பாலும் மூன்றாவது வகை. அதைக் கவனயீனம் என்று அழைப்பது சாரதிக்கு நாம் செய்யும் உதவி.

2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 23 பேர் உயிரிழந்தபோது நாடே பேசியது. அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தபோதும் பேசியது. சந்தியில் தனியாக இறப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கு வரிச் செய்தி, பிரேத பரிசோதனை, மரண அறிவித்தல்.

'நம்மட சனத்துக்கு ஒழுக்கம் இல்லை, திருந்தாது' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கேட்க ஆறுதலாக இருக்கும் விளக்கம் இது, யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்பதால். ஆனால், இதே இலங்கைச் சாரதி டுபாயில் வாகனம் ஓட்டும்போது என்ன செய்கிறார்? நள்ளிரவில், ஆளரவமில்லாத சந்தியில், சிவப்புக்கு முன்னால் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார். அங்கே சிவப்பில் சென்றால் 1,000 திர்ஹம் தண்டம், 12 கறுப்புப் புள்ளிகள், 30 நாட்களுக்கு வாகனம் பறிமுதல். கட்டாரிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் நமது உறவுகளும் அப்படித்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்து வாடகைக்கு வான் எடுத்த மூன்றாம் நாள் அதே மனிதர் மஞ்சளில் அழுத்துகிறார். இரத்தத்தில் ஊறிய பழக்கம் என்றால் விமானத்தில் ஏறியதும் அது எங்கே போகிறது? மாறுவது மனிதரல்ல. அங்கே கமெரா பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது நிச்சயம். இங்கே பொலிஸார் நிற்கிறாரா இல்லையா என்பதைப் பார்த்தால் போதும்.

இங்கேதான் பிரச்சினையின் வேர் இருப்பதாக நினைக்கிறேன். இலங்கைச் சாரதி விளக்கைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார். அப்படிப் பார்க்கும்படி அவரைப் பழக்கியது நமது வீதி நிர்வாகம்தான். காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் கொழும்பின் முக்கிய சந்திகளில் நடப்பதைக் கவனியுங்கள். விளக்கு சிவப்பில் இருக்கும். போக்குவரத்துப் பொலிஸார் நடுவில் நின்று, வாருங்கள் வாருங்கள் என்று கையசைப்பார். பச்சை எரியும் பக்கத்தை உள்ளங்கை காட்டி நிறுத்துவார். சில இடங்களில் விளக்கையே அணைத்துவிட்டுக் கையால் இயக்குவார்கள். பொலிஸ் அதிகாரியின் சைகை விளக்கை விட மேலானது என்பது சட்டப்படி சரி. அவசரத்துக்கு அது வேண்டும். ஆனால், அவசரத்துக்கான ஏற்பாடு அன்றாட நடைமுறையாகிவிட்டால் சாரதி கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: நிறம் முக்கியமில்லை, கை முக்கியம். கை இல்லாத நேரத்தில் தடுப்பதற்கு யாரும் இல்லை.

இதனுடன் வேறு சிலவும் சேர்கின்றன. குறுக்கு வீதியில் ஒரு வாகனம் கூட இல்லாதபோதும், முன்னரே நிர்ணயிக்கப்பட்ட நேரப்படி நீளமாக எரியும் சிவப்பு. இரவில் மஞ்சளை மட்டும் சிமிட்டிக்கொண்டு 'நீங்களே பார்த்துப் போங்கள்' என்று சொல்லும் விளக்குகள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களில் சந்திகளில் விளக்கே இல்லை. யார் துணிந்தவரோ அவர் முதலில் போனார். பல தசாப்தங்களாக அமைச்சர்களின் வாகனத் தொடரணிகளுக்காக எந்த நிறமும் இல்லாமல் வீதிகள் திறந்துவிடப்பட்டதையும் மக்கள் பார்த்தார்கள். அண்மைக் காலத்தில் அது குறைந்திருப்பது உண்மை. என்றாலும் சிவப்பு என்பது சின்ன ஆட்களுக்கான நிறம் என்ற எண்ணம் அவ்வளவு லேசில் அழிவதில்லை.

நின்றாலும் நிற்க விடமாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். இரவு பத்து மணிக்குச் சிவப்புக்கு நின்று பாருங்கள். பின்னால் வரும் வானின் ஹோர்னுக்கு நீங்கள்தான் குற்றவாளி. வாகனம் ஓட்டப் பழகும் இளைஞர்களும் பெண்களும் இந்த அழுத்தத்தை அதிகம் சந்திக்கிறார்கள். மஞ்சளைப் பார்த்து வேகத்தைக் குறைப்பவரைப் பின்னால் வருபவர் இடித்துவிடுவாரோ என்ற பயமும் பொய்யல்ல. எல்லோரும் மீறும் இடத்தில் சட்டத்தைப் பின்பற்றுபவரே ஆபத்தானவராகத் தெரிகிறார்.

தனியார் பஸ்களின் கதை தனி. 1979இல் பயணிகள் போக்குவரத்து தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதிலிருந்து, ஒன்றிரண்டு பஸ் வைத்திருக்கும் தனி உரிமையாளர்களின் தொழிலாகவே அது வளர்ந்தது. பல பஸ்களில் சாரதிக்கும் நடத்துனருக்கும் நிரந்தரச் சம்பளம் இல்லை. நாள் வசூலில் உரிமையாளருக்குச் சேர வேண்டியதும் டீசல் காசும் போக மிஞ்சுவதில்தான் அவர்களது பங்கு. முன்னால் போகும் பஸ் அடுத்த தரிப்பிடத்துச் சனத்தை அள்ளிவிட்டால் இவரது அன்றைய உழைப்பு குறைகிறது. இடையிடையே நேரக்காப்பாளர் வேறு நின்று, முன்னால் போனவர் எத்தனை நிமிடத்துக்கு முன் போனார் என்று சொல்லிக் காசு வாங்குவார். இந்தக் கணக்கில் ஒரு சிவப்பு விளக்கு என்பது ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடம் என்பது பத்துப் பயணிகள். பஸ்ஸை மட்டும் திட்டுபவர்கள் இந்தக் கூலி முறையையும் கொஞ்சம் திட்ட வேண்டும்.

அந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2005 ஏப்ரல் 27 இருக்கிறது. பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதர ரயில் கடவையில், இன்னொரு பஸ்ஸுடன் ஓடிக்கொண்டிருந்த தனியார் பஸ் ஒன்று, ரயில் வருமுன் கடந்துவிட முயன்றது. கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் சென்ற ரயில் அதை மோதியது. பஸ்ஸில் இருந்த 35க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் யாரும் அந்தத் தீர்மானத்தை எடுக்கவில்லை. சாரதி எடுத்தார். காசு கொடுத்து ஆசனத்தில் உட்கார்ந்திருந்தது மட்டுமே அவர்கள் செய்தது.

வடக்கில் வாழ்பவர்களுக்குக் கலர் லைற்றைவிட ரயில் கடவைதான் அன்றாடம் சந்திக்கும் சமிக்ஞை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது கொண்டாடினோம். கால் நூற்றாண்டாக ரயிலே இல்லாத ஊர்களின் ஒழுங்கைகளுக்குக் குறுக்காகப் பாதை மீண்டும் போடப்பட்டது. பல கடவைகளில் முறையான தடுப்பு இல்லை. காவலுக்கு நிறுத்தப்பட்டவர்கள் பொலிஸ் திணைக்களத்தின் ஊடாக, பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு 250 ரூபாய் கொடுப்பனவுக்கு வேலை செய்தவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் எத்தனையோ தடவை போராடினார்கள். ஒரு சமிக்ஞைக்கு அரசு கொடுக்கும் பெறுமதி 250 ரூபாய் என்றால், மூடிய தடுப்புக்குக் கீழால் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு போகிறவர் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பார்?

தண்டத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற யோசனை அடிக்கடி வரும். வந்தும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், ரயில் கடவையை ஆபத்தான முறையில் கடப்பது உட்பட ஏழு குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என முன்மொழியப்பட்டது. 2016 டிசம்பர் தொடக்கத்தில் தனியார் பஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பயணிகள்தான். 2020 செப்டெம்பரில் கொழும்பில் வீதி நிரல் சட்டத்தை அமுல்படுத்த இராணுவப் பொலிஸார் கூட இறக்கப்பட்டார்கள். அந்தச் சில வாரங்கள் ஒழுங்காக இருந்ததை இன்று சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவதே கடினம்.

தண்டம் எவ்வளவு என்பதைவிட, பிடிபடுவேனா என்பதே சாரதியின் கேள்வி. பிடிபட்டாலும் நடைமுறை அவரை வேறு பாதைக்குத் தள்ளுகிறது. பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைக் கொடுப்பார். பதினான்கு நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைச் செலுத்தி, அந்தப் பற்றுச்சீட்டுடன் அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போய் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். கிளிநொச்சிக்காரர் குருநாகலில் பிடிபட்டால் ஒரு நாள் வேலையும் போய்வரும் செலவும் தண்டத்தைவிடக் கூட. அந்த இடத்தில்தான் 'சேர், பார்த்து ஏதாவது செய்யுங்கோ' என்ற வசனம் பிறக்கிறது. இலஞ்சம் கொடுப்பவரின் பேராசை என்று மட்டும் இதைப் பார்த்துவிட முடியாது. சட்டப்படி நடப்பது அதிகம் செலவாகும்படி ஒரு முறையை அமைத்துவிட்டு நேர்மையை எதிர்பார்க்கிறோம். 2025இல் 'கவ்பே' இணைய வழியாகத் தண்டத்தைச் செலுத்தும் ஏற்பாடு ஆரம்பிக்கப்பட்டது. அது நாடு முழுவதும் ஒழுங்காக இயங்கினால், விழிப்புணர்வு வாரங்களை எல்லாம்விடப் பெரிய வேலையைச் செய்யும்.

2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் சிசிடிவி கமெராக்கள் மூலம் விதி மீறுபவர்களை அடையாளம் காணும் திட்டம் தொடங்கப்பட்டது. சரியான திசை. ஆனால், கமெரா பிடிப்பது வாகன இலக்கத்தை, சாரதியின் முகத்தை அல்ல. உரிமம் மாற்றாமல் 'ஓப்பின் பேப்பரில்' இரண்டு மூன்று கை மாறிய வாகனங்கள் இந்த நாட்டில் ஏராளம். அப்படியான வாகனமென்றால் பொலிஸாரின் கடிதம் எப்போதோ அதை விற்றுவிட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் போகும். பஸ் என்றால் உரிமையாளருக்குப் போகும். அவர் சாரதியின் நாட்கூலியில் கழிப்பார். சாரதி அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக ஓடுவார். சாரதியின் அனுமதிப்பத்திரத்தில் குற்றப் புள்ளிகளைச் சேர்க்கும் முறை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சிங்கப்பூரில் சிவப்பில் போனால் 12 புள்ளிகள். இரண்டு ஆண்டுகளுக்குள் 24 சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். பணக்காரருக்கும் பஸ் சாரதிக்கும் ஒரே அளவில் வலிக்கும் தண்டனை அது. பணத் தண்டம் அப்படியல்ல.

இவ்வளவும் மீறுபவரின் பக்கத்துக் கணக்கு. விலை கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

பாதசாரிக்குப் பச்சை மனிதன் எரிகிறான். அதே நேரம் இடப்பக்கம் திரும்பும் வாகனங்கள், சிவப்பு தங்களுக்கு இல்லை என்பது போல வந்துகொண்டே இருக்கின்றன. இளைஞர் ஓடித் தப்புவார். சந்தைப் பையுடன் வரும் அறுபத்தைந்து வயது அம்மா நடு வீதியில் நின்றுவிடுவார். முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் வர முடியாது. சக்கர நாற்காலியில் வருபவர் அந்தச் சந்திக்கு வருவதையே விட்டுவிடுவார். பார்வையற்றவருக்கு ஒலியெழுப்பும் விளக்கு இருந்தால் கூட அந்த ஒலியை அவர் நம்ப முடியாது. இப்படி வீதியைக் கைவிட்டவர்கள் எந்தப் புள்ளிவிபரத்திலும் வருவதில்லை. அடிபடாதவர்கள் அல்லவா.

பிள்ளைகளுக்கு இப்போது நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று கவனித்தீர்களா? 'பச்சை வந்தாலும் உடனே இறங்காதே, எல்லா வாகனமும் நின்றதா என்று பார்' என்கிறோம். சரியான அறிவுரைதான், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால், கடமை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியிருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். அடிபட்ட பிறகு 'பார்த்துக் கடந்திருக்கலாமே' என்று கேட்பதற்கான வழியும் அங்கேயே திறந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் பச்சைக்குப் புறப்பட்டவர் இடப்பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் அடிபட்டால், அவர் செய்த ஒரே காரியம் விளக்கை நம்பியது.

மஞ்சளில் நுழைந்து சந்தியின் நடுவில் மாட்டிக்கொள்ளும் வாகனங்கள் இன்னொரு வகை. எதிர்ப்பக்கம் அடைபட்டிருப்பது தெரிந்தும் உள்ளே போகிறார்கள். பிறகு நான்கு பக்கமும் அசைய முடியாது. அந்த நேரத்தில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் ஒன்று சத்தமிட்டுக்கொண்டு நின்றால், யாரும் வழிவிட விரும்பாமல் இல்லை; வழிவிட இடமில்லை. உள்ளே இருப்பவர் மாரடைப்புக்காரராகவோ பிரசவ வலியில் இருப்பவராகவோ இருக்கலாம். அவருக்கு ஏற்பட்ட தாமதத்தை எந்த விபத்து அறிக்கையும் வீதி விபத்து என்று பதிவதில்லை.

மரணம் நடந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆவது பிரிவு இருக்கிறது: அசட்டையான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தல், ஐந்து ஆண்டுகள் வரை சிறை. வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தவணை தவணையாக நகரும். நட்டஈடு வேண்டுமென்றால் குடும்பம் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகச் சிவில் வழக்குப் போட வேண்டும். கூலி வேலைக்குப் போன அப்பா இறந்த வீட்டில் அதற்கு யாரிடம் காசு, யாருக்கு நேரம்? சட்டத்தரணியின் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, எதிர்த்தரப்பு நீட்டும் தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த வழக்குகளில் எல்லாமே தங்கியிருப்பது, மோதிய கணத்தில் எந்த நிறம் எரிந்தது என்ற ஒன்றில். நிறம் தடயம் விட்டுப் போவதில்லை. பிரேக் அடித்த கறை வீதியில் இருக்கும், உடைந்த கண்ணாடி இருக்கும். விளக்கு மட்டும் அடுத்த நிமிடமே வேறு நிறத்துக்கு மாறிவிடும். சாரதி பச்சை என்பார். இறந்தவர் பேச மாட்டார். நேரில் கண்டவர் நீதிமன்றத்துக்கு அலையப் பயந்து போய்விடுவார். இப்போது பல சந்திகளில் கமெரா இருக்கிறது. தண்டம் அறவிடப் பயன்படும் அந்தப் பதிவு, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். எத்தனை நாள் அது சேமித்து வைக்கப்படுகிறது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பொலிஸ் திணைக்களம் மும்மொழியிலும் அறிவிக்கலாம். எந்தச் சந்தியில் மாதத்துக்கு எத்தனை பேர் சிவப்பில் போகிறார்கள் என்ற எண்ணிக்கையையும் வெளியிடலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திணைக்களம் தானாக வெளியிடாவிட்டால் எவரும் ஒரு விண்ணப்பம் எழுதலாம். அடுத்த தடவை சந்தி விபத்துச் செய்தி ஒன்றுக்காகப் பொலிஸ் ஊடகப் பிரிவுக்கு அழைப்பு எடுக்கும் நண்பர்கள், இறந்தவரின் வயதையும் ஊரையும் கேட்டுவிட்டு, விளக்கு என்ன நிறம் என்றும் கேளுங்கள்.